கிராம்காரரின் காலி எடை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு ஓர் எடையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெரிய எடையொன்றும் இல்லை, இரண்டு கிலோகூடத் தேறாது. ஆனால் அது ஒரு மனிதர்மேல் ஏழு மாதம் ஏறி உட்கார்ந்திருந்தது, ஒருவர் கண்ணிலும் படாமல். அவரும் சாமானிய ஆள் இல்லை. எடை போடுவதுதான் அவருக்குத் தொழில்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் தும்மினால் எங்கள் அலமாரியில் தட்டு அதிரும். சரக்கு லாரிகளை எடை போடுகிற மேடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். பாரத்தோடு ஒருமுறை, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஒருமுறை. அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கின் எடை. கேட்க எளிது. காலி எடையில்தான் எல்லாத் திருட்டும் நடக்கும் என்பார். டிரைவர் இறங்காமல் உள்ளேயே இருப்பான். கிளீனர் போர்வைக்குள் படுத்திருப்பான். ஸீட்டுக்கு அடியில் கல் கிடக்கும். இவர் ஒவ்வொரு லாரியையும் சுற்றி வந்து குனிந்து பார்த்து, "இறங்கு, நீயும் இறங்கு, அந்த வாளியையும் இறக்கு" என்பார். ஒரு கிராம் விட மாட்டார் என்று டிரைவர்கள் அவருக்குக் கிராம்காரர் என்று பெயர் வைத்தார்கள். வசவாகத்தான் வைத்தார்கள். அவருக்கோ அது பட்டம் மாதிரி.

இத்தனை கவனமான ஆள் தன் தலைவலியை மட்டும் கவனிக்கவில்லை. லாரிப் புகை என்றார். தூக்கமில்லை என்றார். ஒரு நாள் மேடையின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரஷர் இருநூறைத் தாண்டி நின்றது. எத்தனை வருடமாக ஏறிக் கிடந்ததோ, இரண்டு கிட்னியையும் அரித்துத் தின்றுவிட்டது. இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு மேடு உண்டாக்கினார்கள். அதில் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல அதிரும். "உள்ள மோட்டார் ஓடுது, தொட்டுப் பாருங்க" என்று எனக்குக் காட்டினார்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிட்னி செய்யாத வேலையை மெஷின் செய்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது, உடம்பில் தேங்கிய தண்ணீரை இழுத்துவிடுகிறது. எவ்வளவு இழுப்பது? அதற்குத்தான் ட்ரை வெயிட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கூடுதல் தண்ணீரெல்லாம் போன பிறகு அந்த ஆள் எவ்வளவு இருக்க வேண்டுமோ அந்த எடை. முதல் பத்து நாள் பார்த்துப் பார்த்து இவருக்கு அறுபத்தொன்றரை கிலோ என்று எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் மெஷினில் படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். அறுபத்தொன்றரைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர், அதை எடுத்துவிடுவார்கள்.

அப்போதெல்லாம் அவர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். மேடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. உடம்பில் அதே பழைய காக்கிக் கோட்டு. எடைக் கருவி ஓரமாக நிற்கும் ஆள் முதல் நாளே, "கோட்டைக் கழட்டுங்க" என்றாராம்.

"குளிருதுப்பா. உள்ள ஏசி வேற."

"அப்ப கோட்டோடவா எழுதட்டும்?"

"எழுது. கோட்டோடன்னு பக்கத்துல எழுதிடு. இனிமே எப்பவும் கோட்டோடதான் ஏறுவேன். ஒரு நாள் கழட்டி ஒரு நாள் போட்டா கணக்கு நாறிடும். எடுத்த மாதிரியே எடுக்கணும். நான் இதுலதான் பொழப்பு நடத்துறேன்."

அந்த ஆளும் அப்படியே எழுதினார். இன்றைக்கும் அந்த ஃபைலின் முதல் தாளில் 'கோட்டுடன்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிரஷர் நூற்றைம்பதுக்கு இறங்கி, நூற்று நாற்பதுக்கு இறங்கி, பெரிய சிஸ்டர் முகத்தில் சிரிப்பே வந்தது. பெரிய சிஸ்டர் என்பது அந்த வார்டைக் கட்டி மேய்க்கிற நர்ஸ். எட்டு மெஷின், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் நோயாளிகள், நர்ஸ் மொத்தமே இரண்டு பேர். காலை ஏழு மணிக்குப் போட்ட செருப்பின் வாரை மதியம் இரண்டு துளை தளர்த்திக்கொள்வார், கால் அவ்வளவு வீங்கிவிடும்.

பிறகு கிராம்காரரால் வேலையில் நிற்க முடியவில்லை. மேடையில் ஏறி இறங்க மூச்சு வாங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை சாவிக்கொத்தையெல்லாம் தன் மைத்துனனிடம் ஒப்படைத்தார். மனைவியின் தம்பி, அதே மேடையில் வேலை பார்ப்பவன். வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் தெருவில் அவனுக்கு லொடலொட என்று பெயர். மறுநாள் புதன். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த பெரிய சிஸ்டர் கைதட்டாத குறையாகப் பாராட்டினாராம்.

"அட! எப்பவும் அறுபத்து மூணு தொள்ளாயிரம் வரும். இன்னிக்கு அறுபத்து ரெண்டு இருநூறுதான்! தண்ணிய நல்லா கட்டுப்படுத்திட்டீங்களே. இப்படித்தான் இருக்கணும்."

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி மனைவியிடம் சொன்னார். "சபாஷ் வாங்கிட்டேன் தெரியுமா?" என்றார். அன்றைக்கு மெஷின் எழுநூறு கிராம்தான் இழுத்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாராட்டு கிடைத்த இடத்தில் யார் சந்தேகப்படுவார்கள், சொல்லுங்கள்?

அந்த வாரத்திலிருந்து பிரஷர் ஏறத் தொடங்கியது.

நூற்று அறுபது. நூற்று எழுபத்தைந்து. ஒரு மாத்திரை கூட்டினார்கள். பிறகு இன்னொன்று. அங்கே டாக்டர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். வருகிற ஒவ்வொருவரும் தாளைப் பார்ப்பார்கள்: ட்ரை வெயிட் அறுபத்தொன்றரை, முடியும்போது அறுபத்தொன்றரை, எல்லாம் சரி. தண்ணீர் சரியாக எடுத்தாயிற்று என்றால் மாத்திரைதானே போதவில்லை? ஒன்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரே நாளில் அரைக் கிலோ சேர்த்து இழுக்கச் சொன்னார். இவருக்குக் கெண்டைக்காலில் பிடித்து இழுத்த இழுப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. 'இதற்குக் கீழே இறக்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டார்கள். அதோடு அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

ஐந்தாவது மாத்திரை ஒன்று கொடுத்தார்கள் பாருங்கள், அது நாக்கை வறட்டி எடுத்தது. குடிக்க அனுமதித்தது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்; காலைக்கு ஒரு கோடு, மாத்திரைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு. தாகம் தாங்காத நேரத்தில் ஒரு சின்னப் பனிக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்தால் தூக்கம் வரும். படுத்தால் மூச்சு அடைக்கும். "என்னண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இருக்கேன்மா. இதுக்கு மேல கேக்காதீங்க, பதில் சொல்லத் தெம்பில்ல" என்பார்.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். ஆவி பறக்கிற அந்த அறையில் எட்டு மணி நேரம் நின்று தேய்ப்பாள். இவளுடைய கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று சோதனையில் வந்தது. ஒன்றைத் தருகிறேன் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். ஆனால் பிரஷர் இப்படி எகிறி நிற்கிற உடம்பில் கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். முதலில் பிரஷரைக் கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

எல்லோரும் உப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். உப்பு பிரஷரை ஏற்றும், தாகத்தை ஏற்றும். அவள் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் உப்பு டப்பா.

"அக்கா, இது உங்க வீட்ல இருக்கட்டும். எங்க வீட்ல இருந்தா கை தவறிடுமோன்னு பயமா இருக்கு."

"அவருக்குத் தனியா சமைச்சிட்டு நீ போட்டுச் சாப்பிடேன்டி."

"அவர் முன்னாடி உக்காந்து எனக்கு மட்டும் போட்டுக்கவா? போங்கக்கா."

அந்த டப்பா ஆறு மாதம் எங்கள் அலமாரியில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அவள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பானை, உப்பில்லாத ஒரே சாப்பாடு. இவள் நாள் முழுக்க ஆவியில் வியர்ப்பவள். வியர்வையில் உப்பு போகும். திரும்பி வர வழி இல்லை. கால் இழுக்கிறது என்பாள். ஒரு நாள் இஸ்திரி மேசையருகே சாய்ந்துவிட்டாள். யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. களைத்தவள் எதையும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள், கண்ணுகளா. சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குத் தலை சுற்றுகிறது என்பதால் துணைக்கு நானும் போயிருந்தேன். அன்றைக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றாறு. புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, சின்ன வயதுதான், கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் படுக்கையருகே உட்கார்ந்தார்.

"ஐயா, ஒளிக்காம சொல்றேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி, கிட்னி மாத்த அனுமதி தர்ற கமிட்டி கூடுது. அதுக்குள்ள பிரஷர் நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும். இல்லன்னா உங்க ஆபரேஷன லிஸ்ட்லேருந்து எடுத்துடுவாங்க. மறுபடி எப்பன்னு என்னால சொல்ல முடியாது. எக்கோ ஸ்கேன்ல உங்க இதயம் ஏற்கனவே பெருசாகி இருக்கு. ரொம்ப நாள் காத்திருக்கற இதயம் இல்ல அது."

பெரிய சிஸ்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "தண்ணி அதிகம் குடிக்கல, மாத்திரை விடல. அப்ப சாப்பாட்டுல எங்கயோ உப்பு போகுது. யாரு போடுறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, களைப்பாகக் கேட்டார்.

கிராம்காரர் கூரையைப் பார்த்தபடி, "இவதான் கை மறதியா போட்டிருப்பா. வேற யாரு போடப் போறா?" என்றார்.

எட்டுப் படுக்கையிலும் கேட்டது. அவள் கையில் வைத்திருந்த அவருடைய சால்வையை நான்காக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். இஸ்திரி போடுகிறவளுக்கு மடிப்பு கோணாது, அன்றைக்குக் கோணியது. எனக்கு வாய் துறுதுறு என்றது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், அதனால் விட்டேன்.

அடுத்த புதன்கிழமை அவளால் எழவே முடியவில்லை. நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். வீடு திரும்ப வண்டி கொண்டு வருகிறேன் என்று லொடலொட சொல்லியிருந்தான். வந்தவன் வாசலில் இருக்க மாட்டானே. நேராக வார்டுக்குள் வந்துவிட்டான். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், எண்ணெய்க் கறை படிந்த சட்டை, மேலே ஒரு தொளதொள ஜாக்கெட்.

"அத்தான்! இன்னும் முடியலயா? என்ன சிஸ்டர், எங்க அத்தானைத் துவைச்சுப் பிழிஞ்சு காயப்போட எவ்வளவு நேரம்? எங்கக்கா இந்நேரம் அம்பது விரிப்பு தேச்சிருப்பா!"

"உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றார் பெரிய சிஸ்டர்.

"வந்துட்டேனே, என்ன பண்றது. இது என்ன, எடை மெஷினா? எங்க மேடையோட பேரப்பிள்ளை மாதிரி இருக்கு." ஏறி நின்றுவிட்டான். "எழுபத்தாறு நூறு! போச்சு! போன வாரம் மருந்துக் கடையில எழுபத்து நாலரைகூட இல்லையே. அத்தான், உங்க ஆஸ்பத்திரி மெஷின் திருட்டு மெஷின். முத்திரை வாங்கச் சொல்லுங்க."

படுக்கையில் கண்ணை மூடியிருந்த கிராம்காரர், தொழில் விஷயம் காதில் விழுந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார். "மாப்ள, மெஷினைத் திட்டாத. பையில என்ன வச்சிருக்க? இறக்கு."

"ஒண்ணுமில்ல அத்தான், நம்ம கேட்டுச் சங்கிலிதான்."

சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டின் ஒரு பையிலிருந்து சங்கிலியை உருவினான். இன்னொரு பையிலிருந்து என் உள்ளங்கை அளவு பூட்டு. அதோடு சாவிக்கொத்து. படுக்கையின் கால்மாட்டில் வைத்தான், கணகணவென்று.

எடைமேடையின் கேட்டுக்கு ஒரு சங்கிலி உண்டு. பகலில் கேட்டைத் திறந்தால் சங்கிலியையும் பூட்டையும் கம்பியில் தொங்கவிடுவார்கள். முன்னொரு காலத்தில் ஒரு டிரைவர் அதைக் கழற்றிப் போய்விட்டான். அதிலிருந்து கிராம்காரர் காலையில் கேட்டைத் திறந்ததும் சங்கிலியைக் கோட்டின் வலப் பையிலும் பூட்டையும் சாவியையும் இடப் பையிலும் போட்டுக்கொள்வார். சாயங்காலம்வரை அங்கேயே இருக்கும். இருபது வருடப் பழக்கம். கோட்டின் இரண்டு பையும் யானைக் காது மாதிரி தொங்கிப் போயிருக்கும். தைத்துத் தைத்து அவர் மனைவிக்கு விரல் தேய்ந்தது. பாரம் சுமக்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது, நமக்குக் காது இருக்கிற நினைப்பு இல்லாத மாதிரி.

கிராம்காரர் அந்தச் சங்கிலியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் ஓடுகிறது, குழாயில் ரத்தம் போகிறது, வருகிறது. அவர் இமைக்கவில்லை.

"மாப்ள, இப்ப ஏறு."

"எதுக்கு அத்தான்?"

"ஏறுடா."

ஏறினான். "எழுபத்து நாலு நானூறு. பாத்தீங்களா, இதான் என் எடை!"

"ஒண்ணு எழுநூறு" என்றார் கிராம்காரர். "சிஸ்டர், என் ஃபைலைக் கொஞ்சம் எடுங்க."

"இப்ப முடியாதுங்க. மூணாவது படுக்கை அலாரம் அடிக்குது."

"அது முடிஞ்சதும் எடுங்க. நான் எங்கயும் ஓடப் போறதில்ல."

பெரிய சிஸ்டர் அலாரத்தை நிறுத்திவிட்டு, நான்காம் படுக்கைக்கு ஊசி போட்டுவிட்டு, இருபது நிமிடம் கழித்து ஃபைலோடு வந்தார். வந்த முகம் நல்லதாக இல்லை.

"சாவியை இவன்கிட்ட குடுத்த மறுநாள் என்ன எழுதியிருக்கு பாருங்க. எனக்குச் சபாஷ் போட்டீங்களே, அந்த நாள்" என்றார் கிராம்காரர்.

சிஸ்டர் விரலால் தேடினார். "அறுபத்து ரெண்டு இருநூறு."

"அதுக்கு முந்தின புதன்?"

"அறுபத்து மூணு தொள்ளாயிரம்."

"கழிங்க."

சிஸ்டர் கழித்தார். வாய் அசைந்தது. பிறகு கால்மாட்டில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார்.

"நான் தண்ணியக் குறைக்கல சிஸ்டர்" என்றார் கிராம்காரர். "இரும்பைத்தான் குறைச்சேன். நீங்க என்னோட காலி எடை எடுத்த அன்னிக்கு இதெல்லாம் பையில இருந்துச்சு. அறுபத்தொண்ணரை என் எடை இல்ல. என் எடையும் கேட்டுச் சங்கிலியும். இதை இறக்கி வச்ச நாள்லேருந்து நீங்க அதே அறுபத்தொண்ணரைல நிறுத்துறீங்க. அப்ப இரும்பு இருந்த எடத்துல இப்ப என்ன இருக்கு?"

"தண்ணி" என்றார் சிஸ்டர், மெதுவாக.

"ஏழு மாசமா ஒண்ணே முக்கா லிட்டர் தண்ணியை உள்ளயே வச்சுக்கிட்டு அலையுறேன். எல்லா லாரியையும் குனிஞ்சு பாத்தவன். டிரைவரை இறக்காம காலி எடை போட்டுட்டேன்."

பெரிய சிஸ்டர் உடனே தலையாட்டிவிடவில்லை. அவரும் எத்தனை நோயாளிகளின் எத்தனை காரணங்களைக் கேட்டவர். "அப்ப கால் வீங்கணுமே? நாங்க ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பாக்கறோமே?" என்றார். தன் கேள்விக்குத் தானே யோசித்தார். "ஒண்ணு எழுநூறு கால்ல தெரியாமலும் இருக்கலாம்..." போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கண்ணாடி வழியே பார்த்தேன். பேசி முடித்த பிறகும் சுவரில் சாய்ந்து சற்று நேரம் நின்றார். செருப்பின் வார் இரண்டும் அவிழ்ந்து கிடந்தன.

டாக்டரம்மா வந்து ஃபைலை முதல் தாளிலிருந்து படித்தார். அத்தனை டாக்டர்களில் முதல் தாளுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். 'கோட்டுடன்' என்ற இடத்தில் விரல் நின்றது. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் தண்ணீர் கோத்து நிற்கிறது என்று அதில் தெரிந்தது.

"ஒரே நாள்ல இழுத்தா பழையபடி கால் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் இருநூறு கிராம் இறக்குவோம். கஷ்டமா இருக்கும். தாங்குவீங்களா?"

"இருநூறு இருநூறா எட்டு தடவை, கடைசில ஒரு நூறு" என்று அவர் முணுமுணுத்தார். "சரியா வரும். இருபதாம் தேதிக்குள்ள முடிஞ்சிடும்."

"இனிமே கோட்டு கிடையாது" என்றார் பெரிய சிஸ்டர். "போர்வை தரேன். கோட்டுக்குள்ள நாளைக்கு என்ன வச்சிருப்பீங்களோ, யார் கண்டா."

"பையைச் சோதிங்க சிஸ்டர். நான் எல்லார் பையையும் சோதிச்சவன். என்னைச் சோதிக்கத்தான் ஆள் இல்லாம போச்சு."

அன்றைக்கே கோட்டைத் தனியாக நிறுத்து, அதையும் கழித்துப் புதுக் கணக்குப் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லொடலொட பேசிக்கொண்டே வந்தான். கிராம்காரர் வீட்டு வாசலில் இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அவமேல பழியைப் போட்டேன்மா. அத்தனை பேர் முன்னாடி."

நான் ஆறுதல் சொல்லவில்லை. "ஆமா, போட்டீங்க" என்றேன். உண்மை அதுதானே.

அந்த மூன்று வாரம் சுகமாகப் போனது என்று நினைக்காதீர்கள். மூன்றாவது தடவை மெஷினில் இருக்கும்போதே கண் இருட்டி, காலைத் தூக்கி வைத்துப் படுக்கவிட்டார்கள். ஐந்தாவது தடவை கால் பிடித்துக்கொண்டது. லொடலொட கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே லாரிக் கதை சொன்னான். ஆனால் படுத்தால் மூச்சு அடைப்பது நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவருடைய குறட்டை கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தம் எனக்கு இனிமையாகத்தான் இருந்தது. நூற்று எண்பது. நூற்று அறுபத்தெட்டு. நாக்கை வறட்டுகிற மாத்திரையை முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அடுத்து இன்னொன்று.

ஒரு மதியம் கிராம்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஏறி வரும்போது மூச்சு வாங்கவில்லை. கையில் ஒரு தாள்.

"ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடினேன். இவளோட பைக்குள்ள இது இருந்துச்சு. படிச்சுப் பாருங்க."

கிட்னி கொடுப்பதற்காக அவளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள். தேதி பார்த்தேன். அவர் அவள்மேல் பழி சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தியது. உப்புச் சத்து குறைவாக இருக்கிறது என்று வட்டம் போட்டிருந்தார்கள். அன்றைக்கு வார்டில் நின்றபோது இந்தத் தாள் அவள் பையில் இருந்திருக்கிறது. எடுத்துக் காட்டியிருந்தால் அந்த ஒரே பானையில் உப்பே இல்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். காட்டவில்லை.

"உப்பு டப்பா உங்ககிட்ட இருக்காமே" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பழக்க தோஷம், கையில் வைத்து எடை பார்த்தார். "முக்கால் கிலோ இருக்கும்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அவள் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். தட்டில் வெந்த காய், ஒரு முட்டை, உப்பில்லாத அதே சாப்பாடு. அவர் எதிரே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து, இரண்டு விரலால் எடுத்து, அவள் தட்டில் மட்டும் தூவினார். பின்னாலேயே போன நான் வாசலிலேயே நின்றேன். போகவும் மனமில்லை, உள்ளே போகவும் முறையில்லை.

"என்னங்க இது? உங்க முன்னாடி நான் எப்படி..."

"சாப்பிடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு அதுவே ருசி." டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். "அன்னிக்கு வார்டுல நான் சொன்னது தப்பு. நாளைக்கு அதே வார்டுல, அதே எட்டு பேர் முன்னாடி சொல்றேன்."

"எட்டு பேரும் மாறியிருப்பாங்க" என்றாள் அவள்.

"இருக்கறவங்ககிட்ட சொல்றேன்."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் சுளித்தது. "யப்பா! கரிக்குது. எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு விரல் அளவு. ஒரு கிராம்கூட இருக்காது."

"நாக்கு மறந்தே போச்சுங்க" என்றாள். பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நானும் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வார்டில் அவர் சொன்னாராம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேருக்கு என்ன ஏது என்று புரியவில்லை. பெரிய சிஸ்டர் மட்டும், "நானும்தான் கேட்டேன், யாரு போடுறீங்கன்னு. என்னையும் சேத்துக்கோங்கம்மா" என்று அவள் தோளைத் தொட்டாராம்.

இருபதாம் தேதி பிரஷர் நூற்று முப்பத்தாறு. கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இன்னும் அதே திங்கள், புதன், வெள்ளி. அதே நான்கு மணி நேரம். அதே கோடு போட்ட பாட்டில். களைப்பு ஒரு நாளில் போகிற சாமான் இல்லை. ஆனால் இப்போது அந்த வார்டில் எடைக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருக்கிறார்கள். ஏறுமுன் பையில் இருப்பதையெல்லாம் அதில் போட வேண்டும். கிராம்காரர் தன் முறைக்குக் காத்திருக்கும்போது அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். "போனை இறக்குங்க, சாவியை இறக்குங்க, அம்மா அந்த வளையலும்தான்" என்கிறாராம். அங்கேயும் அவரை ஏதோ பட்டப்பெயர் வைத்துத் திட்டுகிறார்கள் என்று கேள்வி.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் உப்பு அளவோடு இருக்கட்டும், பானையில் தண்ணீர் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பாரம் சுமக்கிறவர்களுக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கட்டும். பேசாமல் இருக்கிறவள் ஒருத்தி இருந்தால், அவள் பையில் மடித்து வைத்திருக்கும் தாளை நேரத்தோடு பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கட்டும். எல்லோரும் நல்லா இருங்கள்.